சீ-லேண்ட்: ஒரு நிறுவனம் எழுந்ததும் 35 அடிக்குள் சிக்கியதும்

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. கன்டெய்னரைக் கண்டுபிடித்தது மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளிதானா? உலகத்துக்கே வழிகாட்டிய அவருடைய சீ-லேண்ட் கப்பல் நிறுவனம் பிறகு ஏன் இல்லாமல் போனது?

முதல் பகுதிக்கு விடை: இல்லை. சரக்கைப் பெரிய பெட்டியில் அடைத்துப் பெட்டியோடு தூக்கி வைப்பது அவருக்கு முன்பே இருந்த வழக்கம். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பிய ரயில்வேக்கள் செய்தன. 1949-இல் கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர், பிரவுன் என்ற டிரெய்லர் தயாரிப்பு நிறுவனத்துக்காக 30 அடி அலுமினியப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். சியாட்டிலுக்கும் அலாஸ்காவுக்கும் இடையே அது ஓடியது. ஆனால் அந்த முயற்சிகளில் பெட்டி மட்டும்தான் புதிது. கப்பல், கிரேன், லாரி, துறைமுக வேலைமுறை எல்லாம் பழையவை. பழைய கப்பலின் சரக்கறையில் பெட்டியை இறக்கினால் மூலையில் இடம் வீணாகும், தொழிலாளர் ஏறிக் கொக்கி மாட்ட வேண்டும், மிச்சமாவது ஒன்றுமில்லை. சீ-லேண்ட் செய்தது, பெட்டியை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றியது. அதன் பெருமை இதுதான். பின்னாளில் அதன் கழுத்தைப் பிடித்ததும் அந்த அளவுகோல்தான்.

மெக்லீன் 1913-இல் வட கரோலைனாவின் மாக்ஸ்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1934-இல் லாரித் தொழிலில் இறங்கினார். 1937-இல் நியூ ஜெர்சியின் ஹோபோகன் துறைமுகத்தில் பஞ்சுப் பொதியோடு நாள் முழுக்கக் காத்திருந்தபோது, லாரியையே கப்பலில் ஏற்றினால் என்ன என்று தோன்றியதாக ஒரு கதை எல்லா இடத்திலும் வரும். பல பத்தாண்டுகள் கழித்து அவரே சொன்னது அது. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அந்த யோசனை செயலானதற்குத் தெளிவான வேறு காரணங்கள் இருக்கின்றன. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் நெடுஞ்சாலைகள் நெரிசலில் திணறின. இன்னொன்று, சரக்குக் கட்டணத்தை அரசு ஆணையம் கட்டுப்படுத்திய காலம் அது. கரையோரக் கப்பல்கள் மெதுவானவை என்பதால் லாரியைவிடக் குறைந்த கட்டணம் வாங்க அவற்றுக்கு அனுமதி உண்டு. லாரி முதலாளிக்குக் கப்பல் என்பது கட்டணத்தைக் குறைக்கக் கிடைத்த சட்டபூர்வமான வழி.

அதே சட்டம் இன்னொரு பக்கம் தடையாகவும் இருந்தது. லாரி நிறுவனம் வைத்திருப்பவர் ஆணையத்தின் அனுமதியில்லாமல் கப்பல் நிறுவனம் வைத்திருக்கக் கூடாது. 1955-இல் மெக்லீன் தான் வளர்த்த லாரித் தொழிலையே கைவிட்டார். வாடர்மேன் என்ற கப்பல் நிறுவனத்திடமிருந்து அதன் கிளையான பான்-அட்லாண்டிக்கை 7 மில்லியன் டாலருக்கு வாங்கினார். பின்னாளில் சீ-லேண்ட் ஆனது இதுதான். பிறகு வாடர்மேனையே வாங்க நேஷனல் சிட்டி வங்கியில் 42 மில்லியன் டாலர் கடன் எடுத்தார். பெரும் கடன், பெரும் பந்தயம் என்ற அவருடைய பாணி அன்றே தொடங்கிவிட்டது.

முதல் திட்டம் டிரெய்லரைச் சக்கரத்தோடு கப்பலுக்குள் ஓட்டிச் செல்வது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் அது விழுந்தது. சக்கரமும் அச்சும் அடைக்கும் இடத்தில் சரக்கு ஏற்ற முடியாது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்கவும் முடியாது. ஆகவே சக்கரத்தையும் சேசிஸையும் (பெட்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கரையில் விட்டுவிட்டு, மேலே இருக்கும் பெட்டியை மட்டும் தூக்குவது என்று முடிவானது. சொன்னால் சின்ன மாற்றம். ஆனால் அந்த நிமிடம் முதல் பெட்டி டிரெய்லரின் உடலாக இல்லை. தன் எடையையும் மேலே வரும் எடையையும் நான்கு மூலைத் தூண்களில் தாங்க வேண்டிய தனிக் கட்டுமானமாகிவிட்டது.

கப்பலுக்கு இரண்டாம் உலகப் போர்க்கால டி-2 வகை எண்ணெய்க் கப்பல்களை எடுத்தார்கள். மலிவாகக் கிடைத்தன, அடியில் உள்ள தொட்டிகளில் எண்ணெயும் ஏற்றலாம். மேல்தளம் முழுக்கக் குழாய்கள் என்பதால், அவற்றுக்கு மேலே இரும்புச் சட்டத்தாலான இன்னொரு தளம் அமைத்தார்கள். பெட்டிக்கு 33 அடி என்ற நீளம் வந்தது இப்படித்தான்: டி-2 கப்பலின் மேல்தளத்தில் கிடைத்த நீளம் 33-ஆல் சரியாக வகுபட்டது. அதற்கு வேறு தத்துவம் எதுவும் இல்லை.

பெட்டிக்கு டான்ட்லிங்கரை அழைத்தார்கள். மெல்லிய அலுமினியக் கூரை தாங்கும் என்று அவர் சொல்லியிருந்தார். மாதிரிப் பெட்டிகள் பால்டிமோர் கப்பல் கட்டும் தளத்துக்கு வந்ததும், மெக்லீனும் அவருடைய அதிகாரிகளும் கூரையில் ஏறிக் குதித்தே பார்த்துவிட்டார்கள். கூரை அசையவில்லை. கடலோரக் காவல்படையின் ஒப்புதலுக்காக, அட்டைப்பெட்டிகளில் கரிக்கட்டிகளை நிரப்பிய இரண்டு பெட்டிகளை வழக்கமான ஓட்டத்தில் நியூ ஜெர்சியின் நூவர்க்குக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே அனுப்பிப் பார்த்தார்கள். தண்ணீர் உள்ளே புகவில்லை.

தூக்குவதற்குப் பென்சில்வேனியாவின் செஸ்டரில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இருந்த பழைய சுழல் கிரேன்களைக் கொண்டுவந்து, வெட்டிச் சிறிதாக்கி நிறுத்தினார்கள். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஸ்பிரெடர் சட்டம். பெட்டியின் மேல் படியும் செவ்வகச் சட்டம் அது. கிரேன் ஓட்டுபவர் தன் அறையிலிருந்தே அதன் கொக்கிகளை மாட்டவும் விடுவிக்கவும் முடியும். பெட்டிமேல் ஆள் ஏறி நான்கு மூலையிலும் சங்கிலி மாட்டும் வேலை அதோடு போனது. அந்த ஏறி இறங்கும் நிமிடங்கள் மிச்சப்படாவிட்டால் மற்ற சேமிப்பு எதுவும் மிஞ்சியிருக்காது.

1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் நூவர்க்கிலிருந்து 58 பெட்டிகளோடு ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. ஏறத்தாழ ஏழு நிமிடத்துக்கு ஒரு பெட்டி வீதம் எட்டு மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்திருந்தார்கள். உதிரிச் சரக்கை ஏற்ற அன்று டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. ஐடியல் எக்ஸில் 15.8 சென்ட் என்று நிறுவனத்தின் கணக்கு சொன்னது. கிரேன், பெட்டி, கப்பல் மாற்றம் ஆகியவற்றின் முதலீட்டை இந்த ஒப்பீடு சேர்க்கவில்லை, ஆகையால் முழு லாபம் இதுவென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிக் கழித்தாலும் இடைவெளி பெரிது.

அடுத்த கட்டம்தான் உண்மையான பாய்ச்சல். 1957 அக்டோபரில் கேட்வே சிட்டி என்ற கப்பல் மியாமிக்கு ஓடத் தொடங்கியது. அலபாமாவின் மொபைல் நகரில் மாற்றியமைத்த சி-2 வகைச் சரக்குக் கப்பல், 226 பெட்டிகள். ஐடியல் எக்ஸில் பெட்டிகள் தளத்தின்மேல் மட்டுமே இருந்தன. இங்கே சரக்கறைக்குள்ளேயே செங்குத்தான இரும்புக் கோணங்களால் கூண்டுகள் அமைத்து, லிஃப்ட் இறங்குவதுபோலப் பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கினார்கள். இன்றைய கப்பல்களிலும் உள்ள செல் கைடு இதுதான்.

இதில் சிக்கல் இடைவெளி. இறுக்கமாக வைத்தால், ஏற்றும்போது கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தவுடன் பெட்டி பாதியில் சிக்கும். தளர்வாக வைத்தால் கடலில் ஆடி ஆடித் தன்னையும் கூண்டையும் இடித்து நொறுக்கும். மாதிரிக் கூண்டு ஒன்று செய்து, சாய்வை மாற்றி மாற்றிச் சோதித்து முடிவு செய்த அளவு: நீளத்தில் 1¼ அங்குலம், அகலத்தில் ¾ அங்குலம்.

போகும் துறைமுகங்களில் தகுந்த கிரேன் கிடையாது என்பதால் கிரேனையும் கப்பலிலேயே ஏற்றினார்கள். முன்னும் பின்னும் தண்டவாளத்தில் ஓடும் இரண்டு கிரேன்கள். கை கரைப்பக்கம் நீளும். எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம் என்ற சுதந்திரம் கிடைத்தது. விலையும் இருந்தது: கப்பலின் உயரத்தில் பெரும் எடை, உப்புக் காற்றில் ஓயாத பராமரிப்பு, கை நீளும்போதெல்லாம் கப்பல் சாய்வது. பசிபிக்கில் மேட்சன் நிறுவனம் 1959 ஜனவரியில் கலிபோர்னியாவின் அலமேடாவில் கரையிலேயே பெரிய கிரேனை நிறுத்தியது. துறைமுகங்கள் வளர்ந்ததும் உலகம் தொடர்ந்தது மேட்சன் வழியை.

கேட்வே சிட்டியோடு பெட்டியின் நீளம் 35 அடி ஆனது. அன்றைய கிழக்கு மாநிலச் சாலைச் சட்டம் அனுமதித்த டிரெய்லர் நீளம் அது. மேட்சனோ 24 அடி என்று முடிவு செய்தது. மேற்குக் கரையில் ஒரு லாரி அப்படி இரண்டை இழுக்கலாம். இரண்டு நிறுவனங்களும் தங்கள் சாலைக்கும் சரக்குக்கும் சரியான விடையைத்தான் கண்டுபிடித்தன. இரண்டு சரியான விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பூட்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள எஃகு வார்ப்பு. அதற்குள் நுழையும் கூம்பு. கைப்பிடியைத் திருப்பினால் கூம்பு திரும்பி வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும். இதுதான் ட்விஸ்ட்லாக். ஸ்பிரெடர், சேசிஸ், கீழுள்ள பெட்டி எல்லாவற்றோடும் இதே முறையில் இணைக்கலாம். சென்னை, தூத்துக்குடி துறைமுகச் சாலைகளில் ஓடும் டிரெய்லர்களின் மூலைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் முட்டு, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். சேசிஸின் ஓரங்களும் சரிவாக வடிவமைக்கப்பட்டன. பெட்டி கொஞ்சம் விலகி இறங்கினாலும் சரிந்து தன் இடத்துக்கு வந்துவிடும். இந்தப் பூட்டின் காப்புரிமையை நிறுவனம் 1963-இல் கட்டணமின்றி விட்டுக்கொடுத்தது. சீ-லேண்டை விட்டு விலகியிருந்த டான்ட்லிங்கரே மெக்லீனிடம் பேசி அதைச் சாதித்தார். மூலை வார்ப்பு உலகத் தரமானதற்கு அது அடித்தளம். தரக்குழுக்கள் பின்னர் அதைத் திருத்திப் பலப்படுத்தின. தன் ஆயுதத்தைப் போட்டியாளர் கையில் கொடுத்த அந்த முடிவை இன்றும் நான் மதிக்கிறேன்.

தொழிலாளர் பக்கம் எளிதாக இருக்கவில்லை. 1958-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானுக்குச் சேவை தொடங்கியபோது அங்கிருந்த துறைமுகத் தொழிலாளர் பெட்டிகளை இறக்க மறுத்தனர். கப்பல்கள் நான்கு மாதம் சும்மா நின்றன. ஒரு குழுவுக்கு 24 பேர் என்று ஒப்புக்கொண்ட பிறகே வேலை நடந்தது. அவ்வளவு பேருக்கு அங்கே வேலை இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஆனால் தலைமுறையாகத் தோளில் மூட்டை சுமந்தவர்களின் பிழைப்பு ஒரு கொக்கியில் தொங்கியது. அவர்கள் கேட்டதில் அநியாயம் இல்லை. போர்ட்டோ ரிக்கோ தடம் பிறகு நிறுவனத்தின் நம்பகமான வருமானமாக ஆனது.

1960-இல் பான்-அட்லாண்டிக் என்ற பெயர் சீ-லேண்ட் சர்வீஸ் ஆக மாறியது. 1962-இல் நியூ ஜெர்சியின் எலிசபெத்தில் புதிய முனையம் திறந்தது. அதே ஆண்டு பனாமா வழியாகக் கலிபோர்னியாவுக்கும், 1964-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜுக்கும் ஓட்டம் தொடங்கியது. எலிசபெத் முனையத்தில் ஒரு பழக்கம் வேரூன்றியது: இறக்கிய ஒவ்வொரு பெட்டியும் ஒரு சேசிஸ்மேல் நிற்கும். லாரிக்காரர் வந்ததும் தன் பெட்டியை மாட்டிக்கொண்டு போய்விடலாம். மேலே இருக்கும் நாலு பெட்டியை நகர்த்தி அடியில் இருப்பதை எடுக்கும் வேலையில்லை. வேகமான முறை. ஆனால் பெட்டிக்கு ஒரு சேசிஸும் ஏராளமான நிலமும் வேண்டும். மன்ஹாட்டனின் குறுகலான கப்பல்துறைகள் செத்ததற்கு இந்த நிலப் பசி ஒரு பெரிய காரணம். அமெரிக்க முனையங்கள் பல பத்தாண்டுகள் இந்த முறையை விடவில்லை.

1966 ஏப்ரலில் ஃபேர்லேண்ட் என்ற கப்பல் ராட்டர்டாம், பிரெமன், ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மௌத் துறைமுகங்களுக்குப் பெட்டிகளோடு புறப்பட்டது. மற்றவர்கள் கலப்புச் சரக்கின்மேல் நாலு பெட்டியை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, இது முழுக் கூண்டுக் கப்பல். அந்தப் பக்கத்தில் லாரியும் முகவரும் தயாராக. ஸ்காட்ச் விஸ்கி ஏற்றுமதியாளருக்குப் பூட்டி முத்திரையிட்ட பெட்டி பெரிய ஆறுதல். மரப்பெட்டியில் போன சரக்கு வழியில் குறைந்துகொண்டே போவது அந்த வியாபாரத்தின் நெடுநாள் வலி.

வியட்நாம் போர் நிறுவனத்துக்குப் பசிபிக்கைத் திறந்தது. 1965 முதல் சைகோனில் இராணுவச் சரக்கு இறக்க வழியின்றிக் கப்பல்கள் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தன. 1967-இல் ஏழு கப்பல்களுக்கான ஒப்பந்தம் சீ-லேண்டுக்குக் கிடைத்தது. ஆகஸ்டில் டா நாங்குக்கு முதல் கப்பல் போனது. நவம்பரில் கிரேன்கள் நிறுவப்பட்ட காம் ரான் விரிகுடாவுக்கு 609 பெட்டிகளோடு ஓக்லண்ட் என்ற கப்பல் வந்தது. போய்த் திரும்பும் செலவு முழுவதையும் இராணுவமே கொடுத்துவிட்டது. காலியாகத் திரும்பும் கப்பலை 1968-இல் யோகோஹாமாவில் நிறுத்தினால், ஏற்றும் சரக்கெல்லாம் லாபம். ஜப்பானிய மின்னணுப் பொருள்கள் அமெரிக்காவுக்குப் பாய்ந்த அந்தக் காலத்தில் இதைவிட நல்ல வாய்ப்பு இருந்திருக்காது.

இனி 35 அடிக்கு வருவோம். 1964-இல் சர்வதேசத் தர அமைப்பு 10, 20, 30, 40 அடி என்று நீளங்களை ஏற்றது. அன்று உண்மையில் ஓடிக்கொண்டிருந்த 35-உம் 24-உம் பட்டியலில் இல்லை. உயரத்திலும் வேறுபாடு: தரம் 8 அடி, சீ-லேண்ட் 8½ அடி. பின்னர் உலகமே 8½-க்கு வந்தது, அதாவது அந்தப் பாதியில் சீ-லேண்ட் சரியாகவே இருந்தது. நீளத்தில்தான் அடி. தரத்துக்கு ஒத்த மற்ற நிறுவனங்கள் ஒருவர் கப்பலில் இன்னொருவர் பெட்டியை ஏற்றினார்கள்; பெட்டி வாடகை நிறுவனங்களிடம் வேண்டியபோது எடுத்து வேண்டாதபோது கொடுத்தார்கள். 35 அடிக்கு அந்தச் சந்தை இல்லை. 40 அடிக் கூண்டில் 35-ஐ வைத்தால் 5 அடி வீண். 35 அடிக் கூண்டில் 40 நுழையவே நுழையாது. கூண்டை மாற்ற வேண்டுமென்றால் கப்பலை உலர்துறையில் ஏற்றி வெட்டி ஒட்ட வேண்டும். ஸ்பிரெடரும் சேசிஸும் கூடவே மாற வேண்டும்.

1969-இல் ரேனால்ட்ஸ் என்ற சிகரெட் நிறுவனம் சுமார் 530 மில்லியன் டாலருக்குச் சீ-லேண்டை வாங்கியது. மெக்லீனுக்கு 160 மில்லியன் கிடைத்தது. சிகரெட் லாபம் பின்னால் இருக்கும் துணிவில் எஸ்.எல்-7 என்ற எட்டுக் கப்பல்களை ஜெர்மனியிலும் ஹாலந்திலும் கட்டினார்கள். வேகம் 33 நாட் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்). 120,000 குதிரைத்திறன் நீராவி டர்பைன். கொள்ளளவு 1,096 பெட்டி. அதில் 896 கூண்டு 35 அடி, 200 மட்டுமே 40 அடி. உலகம் 40-க்கு நகர்ந்துகொண்டிருந்த நேரத்தில் புத்தம்புதுக் கப்பலின் பெரும்பகுதியை மீண்டும் 35 அடிக்கே வார்த்துவிட்டார்கள்.

அதைவிடப் பெரிய தவறு வேகம். கப்பலின் வேகம் கூடும்போது தேவைப்படும் திறன் ஏறத்தாழ அதன் முப்படியில் கூடும். 22 நாட்டிலிருந்து 33-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு; திறன் மூன்று மடங்குக்கு மேல். எஸ்.எல்-7 முழு வேகத்தில் நாளொன்றுக்குச் சுமார் 500 டன் எண்ணெய் குடித்தது. முதல் கப்பல்கள் 1972-இல் வந்தன. 1973 இறுதியில் எண்ணெய் விலை நான்கு மடங்கானது. ரேனால்ட்ஸ் 1970-இலேயே எண்ணெய் நிறுவனம் ஒன்றை வாங்கியிருந்தும், எரிக்கும் ஒவ்வொரு டன்னையும் வெளியே அதே உயர்ந்த விலைக்கு விற்றிருக்கலாம் என்ற கணக்கிலிருந்து தப்ப முடியவில்லை. 1980-களின் தொடக்கத்தில் எட்டையும் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. அங்கே செலவைவிட வேகம் முக்கியம் என்பதால் அவை பல ஆண்டுகள் பயன்பட்டன. 1990-இல் வளைகுடாவுக்குப் படைக்கருவி கொண்டுபோனதும் அவைதான்.

மெக்லீன் 1977-இல் ரேனால்ட்ஸ் இயக்குநர் குழுவிலிருந்து விலகி, அடுத்த ஆண்டு யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற கப்பல் நிறுவனத்தை வாங்கினார். இம்முறை நேர்எதிர்ப் பந்தயம்: தென் கொரியாவின் டேவூ நிறுவனத்திடம் 12 பெரும் கப்பல்கள், சுமார் 570 மில்லியன் டாலர், 18 நாட் மட்டுமே, எண்ணெய்ச் சிக்கனம், கிழக்கு நோக்கி உலகைச் சுற்றும் தடம். கப்பல்கள் வந்தபோது எண்ணெய் விலை சரிந்திருந்தது. சிக்கனத்தின் பயன் போய், மெதுவான ஓட்டம் மட்டும் மிஞ்சியது. ஒரே திசையில் சுற்றும் கப்பலுக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் சரக்கு சமமாகக் கிடைப்பதும் இல்லை. 1986 நவம்பரில் திவால். இரண்டு முறையும் பிழை ஒன்றே: இருபது ஆண்டு ஓட வேண்டிய கப்பலை, அன்றைய எண்ணெய் விலைக்கு மட்டும் பொருத்திக் கட்டியது. அந்த 12 கப்பல்களையும் 1988-இல் சுமார் 160 மில்லியனுக்கு வாங்கியது சீ-லேண்ட்தான். அந்த விலையில், போட்டியாளர்களோடு இடம் பகிர்ந்து அட்லாண்டிக்கில் ஓட்டியபோது அவை சரியாகவே வேலை செய்தன.

1984-இல் ரேனால்ட்ஸ் சீ-லேண்டைப் பிரித்து விட்டது; 1986-இல் சி.எஸ்.எக்ஸ் ரயில்வே குழுமம் வாங்கியது. 1990-களில் ஆட்டம் அளவை நோக்கிப் போனது. ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஏற்றும் புதுக் கப்பல்களுக்கு இடைவிடாத முதலீடு வேண்டும். லாபம் குறைந்த தொழிலில் அவ்வளவு போட ரயில்வே குழுமத்துக்கு மனமில்லை. 1999-இல் சர்வதேசத் தடங்கள் 800 மில்லியன் டாலருக்கு டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்திடம் போயின. சில ஆண்டுகள் மெர்ஸ்க் சீலேண்ட் என்ற பெயர் ஓடியது. 2014-இல் அமெரிக்கக் கண்டங்களுக்குள்ளான சேவைக்கு அந்தப் பெயரை மீட்டார்கள். 2023-இல் அதையும் கைவிடுவதாக அறிவித்தார்கள். மெக்லீன் 2001 மே மாதத்தில் இறந்தார்.

அமெரிக்கச் சட்டப்படி உள்நாட்டுத் தடங்களை வெளிநாட்டு நிறுவனம் ஓட்ட முடியாது. ஆகவே அலாஸ்கா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ ஓட்டங்கள் சி.எஸ்.எக்ஸ் லைன்ஸாக நின்று, 2003 முதல் ஹொரைசன் லைன்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தன. 2015-இல் அதுவும் பிரிந்தது. நான்கு மாத வேலைமறுப்பைத் தாண்டி வளர்ந்த போர்ட்டோ ரிக்கோ சேவை மூடப்பட்டது. ஹவாய் ஓட்டத்தைப் பாஷா குழுமம் எடுத்துக்கொண்டது. 1964-இல் தொடங்கிய அலாஸ்கா தடத்தை வாங்கியது, அந்த நாளில் 24 அடிப் பெட்டியோடு எதிர்க் கரையில் நின்ற மேட்சன்.